மாஸ்டரின் வலது கால்

எக்ஸ்பிரஸ் அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனாலும் மகள் கார் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் அக்காவின் வலது கால் சும்மா இருப்பதில்லை. முன்னால் ஒரு லாரி வேகம் குறைத்தால் போதும், காருக்குள் விரித்திருக்கிற ரப்பர் விரிப்பைத் துளைத்துவிடுகிற மாதிரி ஓர் அழுத்து அழுத்துவாள்.

"அம்மா, அந்தப் பக்கம் பிரேக் கிடையாதும்மா" என்பாள் மகள்.

"எனக்குத் தெரியும்டி. காலுக்குத்தான் தெரிய மாட்டேங்குது."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று மகளுக்குத் தெரியும். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. அக்காவின் மனசு மட்டும் இன்னும் அந்த முதியோர் இல்லத்து நீள வராந்தாவில்தான் நடந்துகொண்டிருக்கிறது. பாதிச் சுவர் வரைக்கும் பச்சை பெயிண்ட், பிடித்து நடக்க இருபக்கமும் மரக்கட்டை, சோப்பும் சூடான பாலும் கலந்த வாசனை. மகளுக்கு அந்த வாசனையே ஆகாது. அக்காவோ இன்றைக்கும் எங்காவது அந்த சோப்பு வாசனை வந்தால் நடையை நிறுத்திவிடுவாள்.

எக்ஸ்பிரஸ் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. காலையில் தேநீர் வண்டி வராந்தாவில் கடகடவென்று வருவதற்குள் தன் வார்டு மொத்தத்தையும் குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றி, தலைசீவி உட்கார வைத்திருப்பாள். அவள் கையில் யாருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. யாரும் ஈரத்துணியில் கிடந்ததில்லை. முரட்டுக் கையும் கிடையாது. ஒன்றே ஒன்றுதான் குறை, நிமிர்ந்து பார்க்க அவளுக்கு நேரமிருந்ததில்லை. முதுகைக் காட்டினால் அது யாருடைய முதுகு என்று சொல்லிவிடுவாள். அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் என்ன வேலை பார்த்தார், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் விழிப்பாள்.

அதற்கு அவளை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை. இல்லத்தின் வழக்கமே அப்படி இருந்தது. மாதம் பிறந்தால் எல்லோருக்கும் வார்டு மாறும். ஒரே ஆளோடு ரொம்ப நாள் பழகினால் பாசம் வந்துவிடும், பாசம் வந்தால் வேலை ஓடாது என்பது பழைய மேட்ரனின் சித்தாந்தம். குளிப்பாட்டியாச்சா, சாப்பிட வச்சாச்சா, மருந்து கொடுத்தாச்சா என்பதுதான் அங்கே புழங்கிய பேச்சு. மனிதர்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற இடமாக அது இருந்தது. அதிலும் மிகச் சுத்தமாகக் கழுவியவள் எக்ஸ்பிரஸ் அக்காதான். அதில் அவளுக்குப் பெருமை வேறு.

பிறகு புது மேட்ரன் வந்தாள். ஒல்லியான பெண்மணி, நடந்தால் சத்தமே கேட்காத செருப்பு. வந்த கொஞ்ச நாளில் எல்லோரையும் சாப்பாட்டு அறையில் கூட்டி வைத்து, இனிமேல் வார்டு மாற்றம் கிடையாது என்று சொன்னாள். ஒவ்வொருவருக்கும் நாலு பேர், அந்த நாலு பேரும் உங்கள் ஆட்கள். தினமும் ஒவ்வொருவர் பக்கத்திலும் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், அந்த நேரத்தில் ஒரு வேலையும் செய்யக்கூடாது. சம்பளம் கொடுத்து வேலை செய்யாதே என்று சொல்கிற மேட்ரனை யார் கண்டது? ஊழியர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மறுநாளே அதற்கு "சும்மா நேரம்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அக்காவுக்கு விழுந்த நாலு பேரில் மூன்று பேர் பரமசாதுக்கள். நாலாவது ஆள் மாஸ்டர்.

மாஸ்டர் ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். நல்ல உயரம், அடர்த்தியான மீசை, சட்டைக் காலர் பட்டன் வரைக்கும் போட்டால்தான் திருப்தி. முழங்கால்கள் போய்ச் சக்கர நாற்காலிக்கு வந்திருந்தார். ஞாபகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்தில் தங்கமான மனிதர். நாற்காலியைத் தள்ளினால்தான் வினை. நாலடி நகர்வதற்குள் வலது காலை, பாதம் வைக்கிற பலகையிலிருந்து தூக்கித் தரையில் ஓங்கி ஊன்றுவார். நாற்காலி சுழன்று சுவரில் இடிக்கும், தள்ளுகிறவர் முழங்காலில் அடிபடும், அவர் பாதமும் உரசிப் புண்ணாகும். அவருக்கு உதைக்கிற ஆள் என்றே பெயராகிவிட்டது.

அலுவலகத்தில் இருந்த மேனேஜர் கெட்டவரில்லை, கணக்காகப் பேசுகிறவர். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள வேறோர் ஊரில் ஓர் இல்லம் இருந்தது. பலசாலி ஆண்கள் இருப்பார்கள், நாற்காலியோடு சேர்த்துக் கட்டி வைக்க வார்ப்பட்டை இருக்கும். மாதக் கடைசிக்குள் இவர் சரிப்பட்டு வராவிட்டால் அங்கே அனுப்பிவிடுவது என்று மேனேஜர் முடிவு செய்துவிட்டார். உண்மையைச் சொன்னால், அதைக் கேட்டதும் எக்ஸ்பிரஸ் அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். போகட்டும், ஒரு தொல்லை குறைந்தது என்று நினைத்தாள்.

அன்று மதியம் மாஸ்டரின் மனைவி வந்தாள். இல்லத்துக்குப் பின்தெருவில்தான் வீடு. அவளுக்கும் நடப்பது சிரமம்தான், ஆனாலும் குடையை ஊன்றிக்கொண்டு ஒருநாள் தவறாமல் வந்து, விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தவள் அக்காவைப் பார்த்து நின்றாள். குடையின் நாடாவைச் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"ரெண்டு பஸ் மாறிப் போகணுமாம். என்னால ஆகாதும்மா" என்றாள். "நான் வரலேன்னா அவருக்குக் கோபம்கூட வராது. இப்ப வந்துடுவான்னு நெனச்சுக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பார். அதத்தான் என்னால தாங்க முடியல."

அக்காவுக்குச் சுருக்கென்றது. சற்று முன்பு பட்ட நிம்மதியை நினைக்கவே கூசியது. இந்த மனுஷனை எப்படியாவது இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த வராந்தாவில்தான் அவளுக்குத் தோன்றியது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சும்மா நேரத்துக்கு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சும்மா உட்காருவதா, அவளா? மடியில் ஒரு கூடை காலுறை. ஜோடி சேர்த்துக்கொண்டே உட்காரலாம் என்று நினைத்தாள். மாஸ்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, வெகு மரியாதையாகச் சொன்னார்.

"கை வேற வேலைல இருந்தா கண்ணு ரோட்டுல இருக்காதும்மா."

கூடையைக் கீழே வைத்துவிட்டாள். வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே தெருமுனை தெரிந்தது. வண்டிகள் வந்தன, போயின. மாஸ்டர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேன் முனையில் வேகம் குறைக்காமல் திரும்பியது. மாஸ்டரின் வலது பாதம் பலகையை அழுத்தியது. ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான். பாதம் மறுபடியும் அழுத்தியது. தெரு காலியானதும் தளர்ந்தது.

அந்தக் காலை அவள் தினமும் தேய்த்துக் கழுவியிருக்கிறாள், விரலிடுக்கெல்லாம் துடைத்திருக்கிறாள், நகம் வெட்டியிருக்கிறாள். அது என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். இந்த மனுஷன் யாரையும் உதைக்கவில்லை. பிரேக் பிடிக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமல் பின்னாலிருந்து விருட்டென்று தள்ளிக்கொண்டு போனால், காலமெல்லாம் கத்துக்குட்டிகளோடு காரில் உட்கார்ந்தவர் வேறு என்ன செய்வார்?

மாஸ்டரம்மா வந்ததும் கேட்டாள். கேட்டதும் அந்த அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கற்றுக்கொடுக்கிற காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டாம். கற்றுக்கொள்கிறவர்கள் பதறினால் இவர் மிதிப்பார். ஒருவருக்குக் கை வந்துவிட்டது என்று பட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து, பின்னால் மடக்கி வைத்துக்கொள்வார். அதுதான் அவரிடம் பாஸ்.

"எனக்கும் சொல்லிக் கொடுத்தார்" என்றாள் மாஸ்டரம்மா. "ஊர்ல பாதிப் பேரு பாஸ். நான் மட்டும் கடைசி வரைக்கும் ஃபெயில். நான் ஓட்டினா கால எடுக்கவே மாட்டார். நல்லாத்தானேங்க ஓட்டுறேன்னு கேட்டா, நல்லாத்தான் ஓட்டுறே, எனக்குத்தான் பயமா இருக்குன்னுவார். அதுக்கப்புறம் நான் ஓட்டுறதையே விட்டுட்டேன்."

அடுத்த நாள் காலை எக்ஸ்பிரஸ் அக்கா நாற்காலிக்குப் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து, அவர் கண் தன்னைப் பார்க்கிற வரைக்கும் நின்றாள்.

"மாஸ்டர், வண்டி எடுக்கலாமா?"

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காலரைச் சரி செய்தார். பின்னால் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தலையையும் திருப்பிப் பார்க்கச் சொன்னார். திருப்பினாள். முதல் கியரில் மெதுவாக எடுக்கச் சொன்னார். எக்ஸ்பிரஸ் அக்கா வாழ்நாளில் முதல் தடவையாக முதல் கியரில் போனாள். திருப்பத்துக்கு முன்னால் கையைக் காட்டினாள், குளியலறை வாசலில் நின்று இருபக்கமும் பார்த்தாள். அவர் கால் பலகையை லேசாகத் தொட்டதே தவிர தரைக்கு வரவில்லை. அன்று தேநீர் வண்டி வந்து, காலிக் கோப்பைகளோடு திரும்பியும் போனது; அவள் வார்டில் குளியல் முடியவில்லை. எக்ஸ்பிரஸ் இன்னைக்குத் தாமதம் என்று சமையல்காரர் ஊரைக் கூட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேனேஜர் அதிசயப்பட்டார். மாதக் கடைசி வந்தது, போனது. மாஸ்டர் அங்கேயே இருந்தார். ஆனால் அக்கா ஒரு தப்புச் செய்தாள். பழகிப் பழகி ஓர் ஆளை இப்படிச் சம்பாதித்தவர்களுக்கு மட்டுமே வருகிற தப்பு அது. எப்படிச் சாதித்தாய் என்று மற்றவர்கள் கேட்டபோதெல்லாம், என்கிட்டே அவர் அப்படித்தான் என்று சிரித்து மழுப்பினாள். மாஸ்டர் தன் கைக்கு மட்டும் அடங்குகிறார் என்பதில் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அவளுக்கென்று அப்படி யாரும் அதற்கு முன்னால் இருந்ததில்லை, பாவம்.

தங்கை வீடு மாற்றுகிறாள் என்று ஒத்தாசைக்கு லீவு போட்டுப் போனாள். திரும்பி வந்தபோது மாஸ்டரின் வலது பாதத்தில் பெரிய கட்டு. பக்கத்து வார்டுப் பெண் வழக்கம்போலப் பின்னாலிருந்து தள்ளியிருக்கிறாள். கால் தரையில் ஊன்றி, சக்கரத்துக்குள் மாட்டி, பெருவிரல் எலும்பு விரிசல் விட்டிருந்தது. வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் அந்த இன்னோர் ஊருக்கு அனுப்புகிறோம் என்று மேனேஜர் அறிவித்திருந்தார். தள்ளிய பெண் அக்காவைப் பார்த்ததும் ஓவென்று அழுதாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா? எனக்கென்ன தெரியும்?"

அக்கா மேட்ரனிடம் போய் நின்றாள், நன்றாகத் திட்டட்டும் என்றுதான் போனாள். மேட்ரன் திட்டவில்லை.

"உங்க ஆளுன்னுதான் சொன்னேன். உங்க சொத்துன்னு சொல்லலையே" என்றாள், அவ்வளவுதான். அதைவிட இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

அன்றைக்கு எக்ஸ்பிரஸ் அக்கா பழையபடி எக்ஸ்பிரஸ் ஆனாள். நேரே எலக்ட்ரீசியனிடம் ஓடினாள். பேருக்குத்தான் எலக்ட்ரீசியன், அந்த இல்லத்தில் கதவு, குழாய், கட்டில் எது கெட்டாலும் அவர்தான். மாஸ்டருக்கு ஒரு பிரேக் வேண்டும் என்றாள். பிரேக் போட்டால் நாற்காலி குப்புற விழும் என்றார் அவர். நாற்காலி நிற்க வேண்டாம், கால் போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் போதும் என்று விளக்கினாள். அவர் தலையைச் சொறிந்தார். ஒடிந்த கட்டிலிலிருந்து ஒரு ஸ்பிரிங்கும், ஒரு மரத்துண்டும், பழைய செருப்பின் ரப்பரும் எடுத்தார். கால் வைக்கிற பலகைக்கு மேலே, மிதித்தால் அமுங்கி, விட்டால் எழும்புகிற ஒரு பெடல் தயாரானது.

மாலைத் தேநீருக்கு எல்லோரும் கூடியபோது அக்கா எழுந்து நின்று, தனக்குத் தெரிந்தது அத்தனையும் சொன்னாள். முன்னால் வந்து நிற்பது, கேட்பது, தலையைத் திருப்புவது, கை காட்டுவது எல்லாம். மறைத்து வைத்தது தப்பு என்றும் சொன்னாள். துணி துவைக்கிறவரிலிருந்து சமையல்காரர் வரைக்கும் ஒருவர் விடாமல் வராந்தாவில் கற்றுக்கொண்டார்கள். கட்டுப் போட்ட காலோடு மாஸ்டர் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பொறுமையாகத் திருத்தினார். வாயாலேயே ஹாரனை அதிகம் அடிக்கிறார் என்று சமையல்காரரை மட்டும் ஃபெயில் ஆக்கினார்.

வண்டி வருவதற்கு முந்தின நாள் மேனேஜரை மேட்ரன் கையோடு கூட்டி வந்தாள். நீங்களே தள்ளிப் பாருங்கள் என்றாள். மேனேஜருக்குக் கூச்சம். ஆனாலும் முன்னால் போய் நின்று, வண்டி எடுக்கலாமா என்று கேட்டார். பாதி வராந்தா ஒழுங்காகத்தான் போனார். திருப்பத்தில் கை காட்ட மறந்துவிட்டார். மாஸ்டரின் கால் மேலே எழுந்தது, ஓங்கியது, பெடலில் இறங்கியது. ஸ்பிரிங் கிறீச்சிட்டது. மேனேஜர் தன்னை அறியாமல் நின்றுவிட்டார்.

"பரவால்ல சார்" என்றார் மாஸ்டர். "எல்லாருக்கும் வர்றதுதான். மறுபடியும் எடுங்க."

மேனேஜர் மறுபடியும் எடுத்தார். இம்முறை கை காட்டினார். திரும்பி வந்து நாற்காலியை ஜன்னலோரம் நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வண்டியை வர வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன் என்றார். குடையோடு ஓரமாக நின்றிருந்த மாஸ்டரம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெடல் வருஷக்கணக்கில் ஓடியது. ரப்பர் தேய்ந்து இரண்டு தடவை மாற்றினார்கள். இன்றைக்கு அக்காவுக்கு ஆசையாக நினைவு வருவது அந்தக் காலைகள்தான். பால் வெயில் வராந்தாவில் பட்டைப் பட்டையாக விழுந்திருக்கும். மாஸ்டரோடு முதல் கியரில் போகும்போது, வேகத்தில் இத்தனை வருஷம் தவறவிட்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். மூன்றாம் அறைக்காரர் சட்டை போட்ட பிறகுதான் பேசுவார் என்பது, ஓய்வுபெற்ற டீச்சருக்குத் தலைசீவும்போது யாராவது கணக்குக் கேட்க வேண்டும் என்பது. யாருக்கும் பெரிய விஷயமில்லை. அவரவருக்குப் பெரிய விஷயம். நாள் முழுக்கப் பேசி முடித்து வீட்டுக்கு வந்தால் மகள் கேலி செய்வாள், வேலைக்குப் போனியா விருந்துக்குப் போனியா என்று.

கடைசியில் மாஸ்டர் படுக்கையோடு படுக்கையானார். நாற்காலி மூலைக்குப் போனது. பேச்சு நின்றது, சாப்பாடு நின்றது. ஒரு மதியம் அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் சுருங்கியது. போர்வைக்குள் வலது கால் எதையோ தேடி அலைந்தது. நீட்டியது, வழுக்கியது, மறுபடியும் நீட்டியது. வலிக்கு மருந்து கொடுத்தாகிவிட்டது. இது வலி இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். போர்வையை விலக்கி, அவர் உள்ளங்காலில் தன் உள்ளங்கையை வைத்துத் தாங்கினாள். கால் அழுத்தியது. அவளும் விட்டுக்கொடுக்காமல் அழுத்திப் பிடித்தாள். முகத்தின் சுருக்கம் கொஞ்சம் தளர்ந்தது. கையை எடுத்தால் மறுபடியும் தேடியது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் விட்டுப்போனது, விடவில்லை.

மாஸ்டரம்மா வழக்கமான நேரத்துக்குக் குடையோடு வந்தாள். என்ன நடக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்தாள்.

"தள்ளும்மா. நான் புடிச்சுக்கறேன்."

அக்கா எழுந்து இடம் விட்டாள். மாஸ்டரம்மா உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அந்தப் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். கால் அழுத்தியது, முன்னைவிட பலமாக. அவள் குனிந்து, வீட்டில் பேசுகிற மாதிரி சாதாரணமாகப் பேசினாள்.

"ஏங்க, நான்தான். ரோடு காலியாத்தான் இருக்கு. நான் பாத்துப் போய்க்குவேன். எனக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க கால எடுங்க."

ஜன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி போகிற சத்தம் வந்து தேய்ந்தது. பிறகு அழுத்தம் குறைந்தது. பாதம் மெதுவாக அவள் கைகளை விட்டு நழுவி, பின்னால் போய், முழங்கால் லேசாக மடங்கி, மெத்தையில் அமர்ந்தது. மூச்சு மட்டும் இருந்தது. அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அடங்கிவிட்டது.

அதற்கு முன்பே, கால் பின்னால் மடங்கியதும், காலியாகிவிட்ட தன் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு மாஸ்டரம்மா தலையை நிமிர்த்தி எக்ஸ்பிரஸ் அக்காவைத் தேடினாள்.

"நீ பாத்தேல்லம்மா?"

"பாத்தேம்மா" என்றாள் அக்கா.